பிக்கப்: ஓர் ஆங்கிலச் சொற்றொடர் வினையின் பொருளும் மதுரை வழக்கும்

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லும் அதன்பின் வரும் 'அப்', 'அவுட்', 'ஆஃப்', 'டவுன்' போன்ற சிறுசொல் ஒன்றும் சேர்ந்து, அவ்விரண்டின் தனிப்பொருள்களைக் கூட்டிப் பார்த்தாலும் கிடைக்காத புதுப்பொருள் ஒன்றைத் தருமானால், அச்சேர்க்கையை 'ஃபிரேசல் வெர்ப்' என்பர். தமிழில் இதைச் சொற்றொடர் வினை எனலாம். ஆங்கிலத்தில் இப்பெயரே பிந்தியது. 1925இல் வெளிவந்த 'வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்' என்ற நூலில் லோகன் பியர்சால் ஸ்மித் இதைப் பரப்பினார். பெயரைத் தமக்குச் சொல்லித் தந்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவரே குறித்துள்ளார். பெயர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே சிக்கல் உணரப்பட்டிருந்தது. 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், ஆங்கிலம் கற்கும் அயலாரை மிகவும் இடர்ப்படுத்துவது இவ்வகைச் சேர்க்கையே என்று முன்னுரையில் சுட்டி, அகராதிக்குள் இவற்றைத் தனிக்கவனத்துடன் தொகுத்தார்.

அந்த இடர்ப்பாட்டின் அளவை இன்று எண்ணாகவே காட்ட முடிகிறது. ஏறத்தாழ 10 கோடிச் சொற்களைக் கொண்ட பிரித்தானிய தேசியத் தரவகத்தை 2007இல் ஆராய்ந்த கார்ட்னர், டேவிஸ் ஆகிய இருவரும் அதில் 5,18,923 இடங்களில் சொற்றொடர் வினைகள் வருவதைக் கண்டனர். அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை வெறும் 20 வினைச்சொற்களும் 8 சிறுசொற்களும் மாறி மாறிச் சேர்ந்து உண்டானவை. மிகுதியாக வழங்கும் நூறு சேர்க்கைகளுக்குச் சராசரியாக ஐந்துக்கு மேற்பட்ட பொருள்கள் உள்ளன என்பதும் அவர்களுடைய கணக்கு. சொற்கள் சில, பொருள்களோ பல. தமிழ்வழி மாணவர்கள் இப்பகுதியைக் கண்டு மிரள்வதற்கு, தமிழில் இப்படி ஓர் அமைப்பே இல்லை என்பது காரணமாகச் சொல்லப்படுவது வழக்கம். அக்காரணம் பாதிதான் சரி. ஆங்கிலச் சிறுசொல் செய்யும் வேலை தமிழிலும் நடக்கிறது. ஆனால் அது ஓரிடத்தில் நடவாமல், வினைக்கு முன்னே ஒரு பகுதியும் வினைக்குப் பின்னே ஒரு பகுதியுமாகப் பிரிந்து நடக்கிறது. மதுரை நகரத்துப் பேச்சில் ஊறிவிட்ட 'பிக்கப்' என்ற ஒரு சொல்லைத் தொடர்ந்து சென்றால் இப்பிரிவினை தெளிவாகப் புலப்படும்.

'பிக்' என்பது கூரிய முனையால் குத்துதல், கொத்துதல், விரல்நுனியால் கிள்ளியெடுத்தல் ஆகிய பொருள்களிலிருந்து தேர்ந்தெடுத்தல் என்ற பொருளுக்கு விரிந்த வினை. 'அப்' என்பது மேல்நோக்கிய திசை. இரண்டும் சேர்ந்தால் முதற்பொருள், கீழே கிடப்பதைக் கையால் மேலே எடுத்தல். இது கண்ணுக்குத் தெரியும் செயல் என்பதால் இங்கே விளக்கம் வேண்டியதில்லை. அடுத்த படியில், வழியில் நிற்கும் ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொள்ளுதலும், கடையில் காத்திருக்கும் பொருளை வாங்கி வருதலும் வருகின்றன. ஓரிடத்தில் இருப்பதைத் தன்வசமாக்குதல் என்ற கருத்து இவற்றிலும் தொடர்கிறது. அதற்கு அடுத்து, முறையாகப் படிக்காமலே ஒரு மொழியையோ பழக்கத்தையோ வசப்படுத்துதல், நோய் தொற்றப் பெறுதல், வானொலி அலையையோ மெல்லிய ஓசையையோ கருவி உணர்ந்து வாங்குதல், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்தல், கூட்டாக உண்டதற்கு ஒருவரே பணம் கொடுத்தல், காவலர் ஒருவரைப் பிடித்துச் செல்லுதல் எனப் பொருள்கள் பெருகுகின்றன. இவை யாவும் செயப்படுபொருள் குன்றாதவை. செயப்படுபொருள் வேண்டாத இன்னொரு கிளையும் உண்டு: வேகம் கூடுதல், வணிகம் தேறுதல், காற்று வலுத்தல். இக்கிளையில் 'அப்' கையின் அசைவைக் குறிக்கவில்லை. மேலே போவது மிகுதி, கீழே வருவது குறைவு என்ற உருவகத்தையே குறிக்கிறது. விலை ஏறியது, காய்ச்சல் இறங்கியது என்று சொல்லும் தமிழருக்கு இவ்வுருவகம் புதிதன்று.

தமிழில் இதற்கு மிக அருகில் நிற்கும் சொல் 'பொறுக்கு'. தரையில் சிந்தியதை ஒவ்வொன்றாக எடுப்பதும், பலவற்றுள் நல்லதைத் தேர்வதும் ஆகிய இருபொருளும் அதற்கு உண்டு. பொறுக்கியெடுத்த விதை என்னும்போது அது தேர்வு, சிந்திய நெல்லைப் பொறுக்கினாள் என்னும்போது அது சேகரம். ஆங்கிலம் சிறுசொல்லைச் சேர்த்தும் நீக்கியும் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் ஒரே சொல்லுக்குள் வைத்துக்கொண்டு சூழலிடம் விட்டுவிடுகிறது. ஆனால் அச்சொல்லிலிருந்து பிறந்த 'பொறுக்கி' தெருச்சுற்றியைக் குறிக்கும் வசையாகிவிட்டதால், மனிதரை ஏற்றிவரும் பொருளுக்குப் 'பொறுக்கு' என்பது எந்நாளும் நீண்டிருக்க இயலாது. மற்றொரு நெருங்கிய சொல்லான 'எடு' அதனினும் பரந்தது; 'வேகமெடுத்தது' என்ற தொடரில் ஆங்கிலத்தின் வேகப்பொருள் அச்சாக அமைந்திருக்கிறது.

இவ்வளவு சொற்கள் கைவசம் இருந்தும் மதுரையில் 'பிக்கப்' வேரூன்றியது ஏன் என்பதே ஆராயத்தக்கது. அது வழங்கும் இடங்கள் ஐந்தாறு. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தின் வெளியிலும் ரயில் நிலைய வாசலிலும் வாடகைக் கார் ஓட்டுவோர் தம் அன்றாட வேலையையே 'பிக்கப்', 'டிராப்' என்ற இரண்டு சொற்களில் எண்ணுகின்றனர்: "காலைல ஜங்ஷன்ல ஒரு பிக்கப், மத்தியானம் கொடைக்கானல் டிராப்." இருசக்கர வண்டி பழுது பார்க்கும் பட்டறையில் அது முடுக்கத் திறனைக் குறிக்கும் பெயர், கிளட்ச் பிளேட் தேய்ந்த வண்டியைப் பற்றி, "மேட்டுல ஏற மாட்டேங்குது, பிக்கப்பே இல்ல" என்பர். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மல்லிகையும் காய்கறியும் ஏற்றி வரும் சிறு சரக்கு வண்டிக்கு 'பிக்கப்' என்றோ 'பிக்கப் வேன்' என்றோ பெயர். 1925இல் ஃபோர்டு நிறுவனம் தன் 'மாடல் டி' வண்டியைப் பின்புறத் திறந்த தொட்டியுடன் தொழிற்சாலையிலேயே கட்டி விற்றபோது வைத்த பெயர், மகிந்திராவின் 'பொலேரோ பிக்-அப்' வழியாக மேலூர்ச் சாலை வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஆடியில் முகூர்த்தம் இல்லாமல் ஓய்ந்திருக்கும் சமையல் ஒப்பந்தக்காரர், "ஆவணி பொறந்தா பிக்கப் ஆயிரும்" என்கிறார். முதல் வாரம் மந்தமாக ஓடிய படமும் அப்படியே பிக்கப் ஆகிறது. கைபேசியில் வரும் அழைப்பை ஏற்பதற்கும் ஒரு பெண்ணின் நட்பைப் பெற்றுவிட்டதாக இளைஞன் பெருமையடிப்பதற்கும் இதே சொல்தான். பின்னதில் ஆங்கிலத்தின் கொச்சைப் பொருள் சற்றும் குறையாமல் இறக்குமதியாகியுள்ளது.

இவற்றுள் வண்டியோட்டியின் வழக்கே மிகுந்த விளைச்சல் உள்ள இடம். 'தொல்காப்பியம்' கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கு பொருள் தரும் வினைகள் எவ்விடத்திற்கு உரியன என்று வரையறுக்கிறது. வருதலும் தருதலும் பேசுவோனையும் கேட்போனையும் நோக்கி அமையும். செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கையை நோக்கி அமையும். பிற்காலத் தமிழ் இவ்வரையறையைத் தளர்த்தியிருந்தாலும், ஒருவரைக் கூட்டும் செயலைச் சொல்லும்போது 'கூட்டி வா', 'கூட்டிப் போ' என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். பேசுவோன் எங்கே நிற்கிறான் என்பதைச் சொல்லாமல் அச்செயலைச் சொல்ல முடியாது. இத்துடன் மரியாதையும் சேர்கிறது. குழந்தையைக் கூட்டி வரலாம், மாமனாரை அழைத்துத்தான் வர வேண்டும், மூட்டையை ஏற்றி வர வேண்டும். ஆகவே முகம் தெரியாத பயணி ஒருவரை ஒரு புள்ளியிலிருந்து வண்டிக்குள் சேர்த்துக்கொள்ளும் செயலைத் திசையும் சுட்டாமல், வயதும் உறவும் காட்டாமல் சொல்ல வேண்டிய தொழிலுக்குத் தமிழ் வினை எதுவும் நேராகப் பொருந்துவதில்லை. ஒவ்வொன்றும் கேட்காத செய்தி ஒன்றைக் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. 'பிக்கப்' அப்படி எதையும் இழுத்து வருவதில்லை. வீட்டு முன்றிலில் "அத்தைய அழச்சிட்டு வந்துரு" என்று மகனிடம் சொல்லும் அதே பெண், வாடகைக் கார் ஓட்டுநரிடம் "ஆறு மணிக்குப் பிக்கப் பண்ணிக்கங்க" என்று சொல்வதற்குக் காரணம் ஆங்கில மோகம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவர் தேர்ந்தெடுத்திருப்பது உறவற்ற சொல்லை.

இனி அச்சொல் தமிழுக்குள் நுழைந்த வடிவத்தைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் வினையாகும்போது அழுத்தம் 'அப்' மீது விழும். பெயராகும்போது 'பிக்' மீது விழும். சொல்லழுத்தத்தால் பொருள் வேறுபடுத்தாத தமிழ், பெயர் வடிவத்தையே முழுக்கட்டியாக எடுத்துக்கொண்டது. தனிக்குறிலை அடுத்து நிற்கும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற புணர்ச்சி விதிப்படி கண்ணும் அழகும் கண்ணழகு ஆவதுபோல, பிக்கும் அப்பும் பிக்கப் ஆயின. செக்கும் அப்பும் செக்கப் ஆயின. 'மேக்கப்', 'பேக்கப்' ஆகியவற்றில் முன்னெழுத்து நெடில் என்பதால் விதிப்படி ஒற்று இரட்டக் கூடாது. ஆனால் 'மேகப்' என்று எழுதினால் தமிழன் வாயில் ககரம் மெலிந்து மேகத்தின் ஒலி வந்துவிடும் என்பதால், விதியை மீறி வல்லொற்று இடப்பட்டிருக்கிறது.

கட்டியாக வந்தமையால் ஆங்கிலத்தில் நடுவே பிரியும் இயல்பு தமிழில் போய்விட்டது. ஆங்கிலத்தில் 'அவனை' என்ற பெயர்ப்பதிலி 'பிக்'குக்கும் 'அப்'புக்கும் நடுவில்தான் வர வேண்டும். வெளியே வந்தால் பிழை. தமிழில் அது 'அவனப் பிக்கப் பண்ணு' என்று முன்னாலேயே நின்றுவிடுகிறது. செயப்படுபொருள் குன்றியதும் குன்றாததுமான ஆங்கிலத்தின் இரு கிளைகள், 'ஆகு', 'பண்ணு' என்ற இரு வினைகளால் தெளிவாகப் பிரிக்கப்படுகின்றன: ஆளைப் பிக்கப் பண்ணுவார்கள், வியாபாரம் பிக்கப் ஆகும். ஏறு – ஏற்று, உடை என்பதில் உடைந்தது – உடைத்தது எனத் தமிழ் தன் வினைகளில் விடாமல் காக்கும் வேறுபாடே இது. இவ்வேறுபாட்டை மொழியியல் நோக்கில் நுணுகி ஆராய்ந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாக அளித்தவர் மதுரையில் தமிழ் கற்பித்த கு. பரமசிவம், 1983இல் வெளிவந்த அவருடைய 'இக்காலத் தமிழ் மரபு' இன்றும் தமிழ் வினையைப் பற்றிப் பேசுவோர் தொடங்கத் தக்க நூல். கடன்சொல் ஒன்று இந்த வேறுபாட்டுக்குப் பணிந்தே உள்ளே வர முடிகிறது என்பது அவர் ஆய்வுக்குத் தெரு தரும் சான்று.

மேலே சொன்ன இருபுறப் பிரிவினைக்கு இங்கே வரலாம். திசையைக் காட்டும் வேலையைத் தமிழ் வினைக்கு முன்னால் வைக்கிறது. முன்வந்தான், பின்வாங்கினான், உள்வாங்கியது, வெளியேறினான், கீழ்ப்படிந்தான், மேற்கொண்டான், எதிர்கொண்டான், கைவிட்டான் ஆகிய கூட்டுவினைகளில் முன், பின், உள், கீழ், மேல் முதலியவை ஆங்கிலச் சிறுசொற்களைப் போலவே செயற்படுகின்றன. கீழ்ப்படிதலில் யாரும் கீழே படிவதில்லை, வாக்கிலிருந்து பின்வாங்குவோன் பின்னால் எதையும் வாங்குவதில்லை. பொருள் உருவகமாகிவிட்டது என்பதே சொற்றொடர் வினைக்கு இலக்கணம் என்றால், இவை தமிழின் சொற்றொடர் வினைகள். ஆங்கிலத்தில் வினைக்குப் பின் நிற்பது தமிழில் முன் நிற்பதற்குக் காரணம், வினை இறுதியில் நிற்கும் தமிழ்த்தொடர் அமைப்பு. இவை நெடுங்காலமாக ஒரே சொல்லாக எழுதப்பட்டு வருவதால் தமிழாசிரியருக்கும் இவை இரண்டாகத் தோன்றுவதில்லை. தோன்றியிருந்தால் ஆங்கில வகுப்பு பாதி எளிதாகியிருக்கும்.

செயல் முற்றிற்றா, வேண்டி நிகழ்ந்ததா, யாருக்குப் பயன் என்பவற்றைக் காட்டும் வேலையைத் தமிழ் வினைக்குப் பின்னால் வைக்கிறது. துணைவினை எனப்படும் விடு, போ, கொள், வை, போடு, தள்ளு, தீர், தொலை ஆகியவை இவ்விடத்துக்குரியன. ஆங்கிலத்தில் உண்ணுதல், குடித்தல், பயன்படுத்துதல் ஆகிய வினைகளோடு 'அப்' சேர்ந்தால் எச்சமின்றி முடித்தல் என்ற பொருள் வரும். அங்கே மேல்நோக்கிய திசை ஏதுமில்லை. அதே வேலையைத் தமிழில் சாப்பிட்டுவிடு, குடித்துத் தீர் என்பவை செய்கின்றன. நீர்நிலை காய்ந்ததைச் சொல்லும்போதும் ஆங்கிலம் 'அப்' சேர்க்கிறது. கோடையில் பாலத்தின்மேல் நின்று மதுரைக்காரர் சொல்வது "வைகை வத்திப்போச்சு". வற்றியது என்றாலே செய்தி முடிந்துவிடும். 'போச்சு' என்பதில்தான் இழப்பும் இயலாமையும் வருகின்றன. மதுரை வட்டாரத்தில் 'விடு' என்ற துணைவினை பெரும்பாலும் 'ரு' என்று ஒலிக்கிறது. சென்னையில் 'வந்துடுச்சு', 'ஆயிடுச்சு' என்பவை இங்கே 'வந்துருச்சு', 'ஆயிருச்சு'. கேட்பவர் ஊரைக் கண்டுபிடிக்க அந்த ஓரெழுத்து போதும்.

இத்துணைவினைகளின் பொருட்பரப்பை இ. அண்ணாமலை 1985இல் வெளியிட்ட 'டைனமிக்ஸ் ஆஃப் வெர்பல் எக்ஸ்டென்ஷன் இன் தமிழ்' விரிவாக வரையறுத்தது. ஹெரால்டு ஷிஃப்மனின் பேச்சுத்தமிழ் இலக்கணமும் (1999) இவற்றுக்கு நீண்ட பகுதியை ஒதுக்கியுள்ளது. இரண்டிலும் ஒரு செய்தி பொதுவாகத் தெரிகிறது: இவை செயலின் முடிவை மட்டுமன்றிப் பேசுவோனின் மனநிலையையும் காட்டும். 'வந்து தொலை' என்பதில் உள்ள எரிச்சலையும் 'எழுதித் தள்ளினான்' என்பதில் உள்ள வியப்பு கலந்த ஏளனத்தையும் எந்த ஆங்கிலச் சிறுசொல்லும் ஏற்று வருவதில்லை. ஒப்பீட்டில் தமிழின் தட்டு தாழும் இடம் இது. இன்னொன்றும் உண்டு, ஆங்கிலச் சேர்க்கை பெயர்ப்பதிலிக்கு நடுவே இடம் தருவதுபோலத் துணைவினையும் இடைச்சொல்லுக்கு இடம் தரும்: வந்தேவிட்டான், முடித்தும் விட்டாள்.

பிக்கப்பின் எப்பொருள்கள் மதுரைக்கு வரவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. படிக்காமலே மொழி பழகுதல், நோய் தொற்றுதல் ஆகிய பொருள்களில் யாரும் இச்சொல்லை ஆளுவதில்லை. அவ்விடத்தில் 'கொள்' என்ற துணைவினை உறுதியாக அமர்ந்திருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்து கற்றதையும் கடையில் நின்று கேட்டுப் பழகியதையும் 'கற்றான்', 'கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டான்' என்று தமிழ் பிரித்துவிடுகிறது. வீட்டில் சௌராட்டிர மொழியும் வெளியில் தமிழுமாகப் பல தலைமுறைகளாக வாழும் மதுரைச் சௌராட்டிரர் போன்ற இருமொழிச் சமூகங்கள் நிறைந்த ஊரில் இப்பொருளுக்குச் சொல் பஞ்சம் வர வாய்ப்பில்லை. நோயும் பழக்கமும் 'தொத்திக்கிருச்சு'. தமிழ் ஏற்கெனவே நிறைவாகச் சொல்லும் இடத்தில் கடன்சொல் நுழையவில்லை என்ற இவ்வுண்மை, அது நுழைந்த இடங்களில் ஏதோ தேவை இருந்தது என்பதற்கு மறுமுனைச் சான்று.

பிற சேர்க்கைகள் சில கடல் கடந்தபின் பொருளும் மாறியிருக்கின்றன. அரசு அலுவலகங்களில் கோப்பை மேலதிகாரியின் பார்வைக்கு வைப்பது 'புட் அப்'. எழுத்துத் தமிழில் 'பணிந்தனுப்பப்படுகிறது' என்ற வாய்பாடு இருந்தும் பேச்சில் அது வெல்லவில்லை. கல்லூரிப் படிப்பை முடித்தவர் இந்நாட்டில் 'பாஸ் அவுட்'. இங்கிலாந்தில் அத்தொடரைக் கேட்பவர் முதலில் எண்ணுவது மயங்கி விழுந்ததை. சமாளித்தல் என்ற பொருளுடைய 'கோப்' என்னும் வினைக்குத் தேவையில்லாத 'அப்' ஒன்றைச் சேர்ப்பது இந்திய ஆங்கிலத்தின் பரவலான வழக்கு. பிழை என்று திருத்தப்படுவதே முறை; ஆயினும் 'சமாளித்துவிடு', 'சமாளித்துக்கொள்' என்று துணைவினையோடு எண்ணிப் பழகிய மனம், வெறுமையாக நிற்கும் ஆங்கில வினைக்குப் பின்னால் ஏதேனும் ஒன்றைத் தேடுவதில் வியப்பில்லை.

கற்பித்தல் ஆய்வுகள் பெரும்பாலும் தவிர்த்தலைப் பற்றியவை. இஸ்ரேலிய மாணவர்கள் சொற்றொடர் வினைகளைத் தவிர்த்து ஒற்றைச் சொல் வினைகளையே நாடுவதை 1985இல் டகுட்டும் லாஃபரும் காட்டி, எபிரேயத்தில் இவ்வமைப்பு இல்லாமையே காரணம் என்றனர். 1989இல் ஹுல்ஸ்டைனும் மார்ச்சேனாவும் டச்சு மாணவர்களிடம் சோதித்தபோது, தாய்மொழியில் இவ்வமைப்பு உள்ளவர்களும் உருவகப் பொருளுடையவற்றைத் தவிர்ப்பது தெரிந்தது; தம் மொழியைப் போலவே இருப்பது ஆங்கிலமாக இருக்குமா என்ற ஐயம் அவர்களைத் தடுத்தது. தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புகளில் நடப்பது மூன்றாவது வகை. ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாகச் சொற்றொடர் வினையை இடும் பயிற்சி, ஒரு மதிப்பெண் வினாவுக்காகப் பட்டியலாக மனப்பாடம் செய்யப்படுகிறது. ஒத்திவைத்தல் என்பதற்கு நேரே ஒரு சேர்க்கை, பொறுத்துக்கொள்ளுதல் என்பதற்கு நேரே இன்னொன்று. அந்தத் தமிழ்ச் சொற்களுக்குள்ளேயே 'வை'யும் 'கொள்'ளும் சிறுசொல்லின் வேலையைச் செய்துகொண்டிருப்பதைச் சுட்டிக்காட்டாமலே பாடம் முடிகிறது.

வகுப்பறைக்கு வெளியே இதற்கிடையில் சொல் வேறு பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. கைபேசி அழைப்பை ஏற்பதற்கும் ஆளை வண்டியில் ஏற்றுவதற்கும் மதுரை இளைஞர் பலர் இப்போது 'பிக்கப் பண்ணு' என்று முழுவதும் சொல்லாமல் 'பிக் பண்ணு' என்று சுருக்குகின்றனர்: "அஞ்சு நிமிசம் நில்லு, நான் வந்து பிக் பண்ணிர்றேன்." ஆங்கிலத்தில் 'அப்' விழுந்தால் இப்பொருள் தராது, தேர்ந்தெடுத்தல் என்ற பொருளே எஞ்சும். தமிழ்த் தொடரில் பொருள் கெடவில்லை. விழுந்த 'அப்'புக்கு ஈடாகப் 'பண்ணிர்றேன்' என்பதில் உள்ள 'ர்', அதாவது மதுரையின் 'விடு', அங்கே முன்பே இருந்தது.